நாலாம் நம்பர் தட்டு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாலாம் நம்பர் தட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஒளிரக் கூடாது. வெண்மதி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் கேமராத் திரையைப் பார்த்தாள். செல்களை உடல் சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டருக்குள் வரிசையாக ஆறு தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மனிதரின் தோலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள். ஐந்து தட்டுகள் இருட்டாகக் கிடக்க, நாலாவது மட்டும் தேங்கிய தண்ணீரில் படரும் பாசியின் நிறத்தில் மங்கலாக ஒளிவிட்டது.

காற்று குறைவதைச் செல் எப்படித் தெரிந்துகொள்கிறது, தெரிந்ததும் என்ன செய்கிறது என்பதுதான் சிதம்பரத்தில் அவள் பதினொரு வருடமாகச் செய்துவரும் ஆராய்ச்சி. ஆக்சிஜன் இருக்கும்வரை செல் ஒரு புரதத்தை உண்டாக்குவதும் உடனே அழிப்பதுமாக இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பது நின்றுபோய்ப் புரதம் சேரத் தொடங்கும். அப்படிச் சேர்ந்தால் பச்சையாக ஒளிரும்படி அவள் தன் செல்களை மாற்றி வைத்திருந்தாள். இருட்டு என்றால் காற்று இருக்கிறது. பச்சை என்றால் மூச்சு முட்டுகிறது.

இன்குபேட்டரில் காற்று இருந்தது. மீட்டர் சரியாகக் காட்டியது. தட்டை அடுத்த இன்குபேட்டருக்கு மாற்றினாள். செல்கள் மூழ்கிக் கிடக்கும் திரவத்தையும் புதிதாக ஊற்றினாள். அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். வெளியே கார்த்திகை மழை பிடிக்கப்போகும் மூட்டம். விடுமுறை நாளின் ஆளில்லாத கட்டடத்தில் மாடியில் எங்கோ ஒரு ஜன்னல் கதவு காற்றில் அடித்து, நின்று, மறுபடி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டும் ஈரச் சுவரும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. ஃபிரிட்ஜ்களின் உறுமல் திடீரென்று அடங்கியபோது, அந்த அறையில் மூச்சு விடும் ஒரே ஆள் தான்தான் என்ற நினைப்பு வந்தது. ஏனோ அது ஆறுதலாக இல்லை.

பச்சை கூடியிருந்தது.

நாலாம் நம்பர் தட்டு தேவசகாயத்தினுடையது. அவரை நேற்றுத்தான் கடலூர் முதுநகரில் புதைத்திருந்தார்கள்.

தேவசகாயம் லேபில் உதவியாளராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்பு ஆராய்ச்சிக்குத் தோல் தேவைப்பட்டபோது, "கடுகளவுதான மேடம், எடுத்துக்குங்க" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இந்த வருடம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. காற்றைக் குறைத்துச் சோதிக்கும் பெட்டிக்குள் அவருடைய தட்டு போகிற நாட்களில், தாழ்வாரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"நீங்க என்னுத மூடி வெக்கிற அன்னைக்கெல்லாம் எனக்கு மூச்சு அடைக்குது. தேதி எழுதி வெச்சிருக்கேன்" என்றார் ஒருநாள்.

"ஆஸ்பத்திரில காட்டுங்க தேவசகாயம்."

"காட்டிட்டேன். ஒண்ணும் இல்லன்றாங்க. என்னுத ஊத்தி அழிச்சுடுங்க மேடம். கேட்டுக்கிறேன்."

அழித்துவிட்டதாக மறுநாள் சொன்னாள். அழிக்கவில்லை. ஆறு பேரில் அவருடைய செல்கள்தான் காற்றில்லாமல் அதிக நேரம் தாங்கின. அவள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை அவற்றை நம்பித்தான் இருந்தது. பெயர்ச்சீட்டை உரித்துவிட்டு வெறும் நம்பரை எழுதினாள். அடுத்த சோதனை நாளன்று அவர் கதவருகே வந்து நின்றார். நெஞ்சு ஏறி இறங்கியது. "பொய் சொல்றீங்க" என்றார். அதற்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை. வேலை முடியும்வரை முதுகில் அவர் பார்வை இருந்துகொண்டே இருக்கும். பிறகு லீவில் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தத் தட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். அதுவரை வைக்காத அளவுக்குக் காற்றைக் குறைத்தாள். மாலை ஐந்து மணிக்கு எடுத்து இன்குபேட்டரில் வைத்தாள்.

அன்று நாலு மணிக்கே தேவசகாயம் இறந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர்.

துக்க வீட்டில் அவர் மனைவி பிரிசில்லா அவள் கையை விடவில்லை. "ஃபேனுக்கு அடியிலதான் உக்காந்திருந்தாரு மேடம். காத்து இல்ல, காத்து இல்லன்னாரு. சன்னலெல்லாம் தொறந்துதான் கெடந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி ஐஸ் பொட்டிக் கண்ணாடியில உள்பக்கமா பனிச்சிக்கிட்டே இருந்துச்சு. மூக்குக்கு நேரா மட்டும்."

குளிருக்கு அப்படித்தான் ஆகும் அக்கா என்று வெண்மதி சொன்னாள்.

இன்குபேட்டரில் இருந்த கேமரா கால் மணிக்கொரு தடவை படம் எடுக்கும். இப்போது அந்தப் படங்களைப் பின்னோக்கி ஓட்டினாள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கெல்லாம் பச்சை வடிந்திருந்தது. இரவு முழுக்க இருட்டு. சனிக்கிழமை காலை இருட்டு. மதியம் இருட்டு. மூன்றே முக்கால் மணிப் படத்தில் ஓரத்தில் ஒரே ஒரு செல் பச்சையாக இருந்தது.

மூன்றரைக்குத்தான் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். அவளும் ஒரு பிடி மண் போட்டாள்.

போனை எடுத்துப் பிரிசில்லாவின் நம்பர்வரை போனாள். தோண்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது. இருபத்து நாலு மணி நேரம் ஆகிவிட்டது. மண்ணுக்கு அடியில் யாராலும் முடியாது. கருவியில்தான் கோளாறு என்று தனக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். சிங்க்குக்கு அடியிலிருந்து ப்ளீச் பாட்டிலை எடுத்தாள்.

அவர் கேட்டதுதானே. ஊத்தி அழிச்சுடுங்க என்றுதானே கேட்டார்.

தட்டை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, விளிம்புவரை ஊற்றினாள். நெடி கண்ணைக் கரித்தது. இரண்டு நிமிடத்தில் எந்தச் செல்லும் செத்துவிடும். திரையைப் பார்த்தபடி எண்ணினாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்று ஆயிற்று.

சாகவில்லை.

பச்சை பளீரென்று ஏறியது. செல்கள் துடித்தன. பிறகு நகர்ந்தன. ஒருநாள் முழுக்க ஒரு மயிரிழை தூரம் நகர்பவை, அவள் பார்க்கப் பார்க்க நகர்ந்தன. எல்லாமே ஒரே பக்கமாக. ஒன்றின் மேல் ஒன்று ஏறி. தட்டின் சுவரை முட்டி. விலகி, மறுபடி முட்டி.

பிறகு ஓரத்தில் ஒன்று அணைந்தது.

பக்கத்தில் இன்னொன்று. பத்து. நூறு. ஓரத்திலிருந்து உள்நோக்கி இருட்டு பரவியது. அவள் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள்.

இருண்டவையும் துடித்துக்கொண்டுதான் இருந்தன. சாவு இல்லை. காற்று.

போன் அடித்தது. பிரிசில்லா.

"மேடம்." மிகவும் சின்னக் குரல். பின்னால் மழைத் தூறல் இலைகளில் விழும் சத்தம். "பூ வெக்கலாம்னு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். மண்ணு தொறந்து கெடக்குது."

"அக்கா. அங்க நிக்காதீங்க. வெளிய வாங்க."

"உக்காந்திருக்காரு மேடம். மேலெல்லாம் வெளுத்துப்போயி தோலு உரிஞ்சு தொங்குது. ப்ளீச் வாடை தாங்கல. யாரு மேடம் அவரு மேல இத ஊத்துனது?"

வெண்மதி ப்ளீச் பாட்டிலைக் காலால் சிங்க்குக்கு அடியில் தள்ளினாள்.

"மூச்சு இழுக்குறாரு. இழுத்துக்கிட்டே இருக்குறாரு. வெளிய வுடவே மாட்டேங்குறாரு மேடம். எனக்கு இங்க காத்து..."

ஒரு இருமல். போன் எதன் மேலோ விழுந்தது. பிரிசில்லாவின் மூச்சுச் சத்தம் இரண்டு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

தூறல் மட்டும் கேட்டது. அதற்கும் அந்தப் பக்கம், ஈரமாக, தொண்டையின் அடியிலிருந்து, உள்ளே போய்க்கொண்டே இருக்கும் ஒரு மூச்சு. அது போனுக்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில். நிற்கவில்லை.