ஏழாயிரம் கிலோமீட்டர் கொள்ளி

"அப்பா...!"

எழிலரசியின் அலறலில் ஆம்பூரின் அந்தச் சந்தே விழித்துக் கொண்டது.

கொல்லையில், துணி துவைக்கும் கல்லருகே கிடந்தார் தோல் பதனிடும் டேனரியின் மேஸ்திரி கன்னியப்பன். பின்மண்டையில் ரத்தம். உயிர் இல்லை!

போலீஸுக்குச் சொன்ன கையோடு அண்ணனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். இளம்பரிதி. இத்தாலியில், மிலானில், ஷூ கம்பெனி வேலை.

"அண்ணா... அப்பாவ யாரோ கொன்னுட்டாங்கண்ணா!"

அவன் ஓவென்று அழுதான்.

"இப்பவே கெளம்பறேன் எழிலு... ஆனா நாளைக்குத்தான் வர முடியும்."

மூன்று மணிக்கு போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வந்தது. கூடவே இன்ஸ்பெக்டர் விஜயகுமாரியும் வந்து ஓரமாய் நின்றாள்.

பெரியப்பா பாண்டியன் அவசரப்பட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம். என் பையன் பூவரசன் கொள்ளி வைக்கட்டும்."

"இன்னா பெரியப்பா பேசறீங்க? பெத்த புள்ள வர்றான். ஃப்ரீசர் பாக்ஸ் சொல்லிட்டேன்."

"எப்பம்மா வருவான்?"

"மிலான் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல. ஃப்ளைட்டே பன்னண்டு, பதிமூணு மணி நேரம். மெட்ராஸ்ல எறங்கி இங்க வர இன்னும் மூணு மணி நேரம். விடிஞ்சா வந்துடுவான்!"

"அறுத்த பொணத்த ராத்திரி பூரா வைக்கறதா? அதெல்லாம் ஆவாது!"

ஃப்ளைட் ஏறுவதற்குள் பிடித்துவிட வேண்டுமென்று பெரியப்பாவே இளம்பரிதிக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டார்.

"கோச்சுக்காதடா தம்பி. பூவரசன் கையால முடிச்சுடறோம்."

எழிலரசி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். ஒருத்தரும் மசியவில்லை. பாவம், அப்பாவுக்காக அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மேளம் அதிர்ந்தது. பாடையில் கிடத்தினார்கள். நெருப்புச் சட்டி பூவரசன் கைக்குப் போன நேரம்...

"தொடாதடா! எங்கப்பாவுக்கு நான்தான் வைப்பேன்!"

சந்து முனையில் ஆட்டோவிலிருந்து குதித்து ஓடி வந்தான் இளம்பரிதி!

எழிலரசி பாய்ந்து போய்க் கட்டிக் கொண்டாள். அப்பாடா... வந்துட்டான்!

அடுத்த நொடி அவள் கைகள் தளர்ந்தன.

காலையில் மிலானில் இருந்தவன்... சாயங்காலம் ஆம்பூரிலா?

"அண்ணா... நீ எங்கேர்ந்து வர்ற?"

அவன் பாடையை நோக்கி நகர்ந்தான். விஜயகுமாரி நெருங்கி வந்தாள்.

"தங்கச்சி கேக்கறாங்கல்ல? சொல்லுங்க."

இளம்பரிதி அப்பாவின் காலைப் பிடித்துக் கொண்டு கதறினான்.

"ஜோலார்பேட்டை லாட்ஜ்லேர்ந்து... வேல போயி, ஊருக்கு வந்து நாலு நாளாச்சு. விடியகாலைல அப்பாகிட்ட சொல்ல வந்தேன். 'தோத்துட்டு வந்தவன் வீட்டுக்குள்ள வராத'ன்னு தள்ளினாரு... நானும் தள்ளிட்டேன். கல்லுல விழுந்துட்டாரு. பயந்து ஓடிட்டேன் எழிலு... செத்துடுவாருன்னு நெனைக்கலியே!"

"ஓடினவர் அப்படியே போயிருக்கலாமே... ஏன் வந்தீங்க?"

"வேற ஒருத்தன் கொள்ளி வைக்கறத எப்படி மேடம் தாங்குவேன்?"

எழிலரசி தரையில் உட்கார்ந்து விட்டாள். ஒரே நாளில் அப்பாவும் போய், அண்ணனும் போய்... யாருக்கென்று அழுவாள்?

"கொன்ன கையாலயா கொள்ளி?" பெரியப்பா கத்தினார்.

"அவனே வைக்கட்டும் மேடம்," என்றாள் எழிலரசி, விக்கலுக்கு நடுவே. "எங்கப்பாவுக்கு வேற புள்ள கெடையாது."

விஜயகுமாரி தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக் கொண்டாள்.

"வச்சுட்டு வரட்டும்மா. வேலூர் ஜெயில் இங்கேர்ந்து ஒரு மணி நேரம்தான்... எப்ப போனாலும் உள்ள சேத்துக்குவாங்க!"