வீட்டுக்காரர் வந்தார், 4:12

வீட்டுக்காரர் வலது கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் ஆறு வருஷமாக இருப்பவளுக்கு வலியோடு வருகிற எல்லாரும் ஒன்றுதான். வாடகை வாங்குகிற மனுஷன் என்று இவருக்குத் தனி நாற்காலியா போட முடியும்? அவருடைய சீட்டை எழுதி முடித்து, மணி பார்க்கப் போனை எடுத்தாள். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

வீட்டுக்காரர் வந்தார். 4:12.

அவளுடைய வீட்டு வாசலில் மாட்டிய கேமரா அனுப்பிய வரி. சுவர்க் கடிகாரமும் நாலு பன்னிரண்டுதான் காட்டியது. இயந்திரம்தானே, எவனையோ பார்த்து உளறுகிறது என்று முதலில் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் கேட்டு வைத்தாள். சுவர் ஈரத்தைப் பார்க்க சார் போன மாதம் வீட்டுப் பக்கம் வந்தீர்களே, அப்போது...

"நான் அந்தப் பக்கம் வந்தே நாலு மாசம் ஆச்சேம்மா," என்றார் அவர், வீங்கிய வாயோடு.

அந்தக் கேமராவைத் தேர்ந்தெடுக்க அவள் ஒரு மாதம் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மகளுக்கு எட்டு வயது. பள்ளி வேன் நாலு மணிக்கு இறக்கிவிடும். அவள் வீடு சேர ஆறரை. கணவர் வெளியூரில் கட்டட வேலை, மாதத்தில் நாலு நாள் வந்தால் அதிகம். நடுவில் இருக்கிற அந்த இரண்டரை மணி நேரம் தினமும் குழந்தை தனியாக இருக்க வேண்டும். வயர் இழுக்கிற கேமரா என்றால் சுவரில் ஓட்டை போட வேண்டும், ஒரு ஓட்டைகூடக் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். உள்ளே வைக்கலாம் என்றால், நம் வீட்டுக்குள் நம்மையே எவன் பார்ப்பது என்று கணவர் குதித்தார். கடைசியில் கடைக்காரர்தான் இதை எடுத்து வைத்தார். பேட்டரியில் ஓடும். கதவுச் சட்டத்தில் ஒட்டினால் போதும். முகங்களை அடையாளம் வைத்துக்கொள்ளும். புதிய முகம் வந்தால் போனில் அலறும்; 'நம் ஆள்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அப்புறம் வாயே திறக்காது, வந்ததையும் போனதையும் குறித்து மட்டும் வைக்கும்.

தன் பழைய போனிலும் கேமரா செயலியைப் போட்டு மகளிடம் கொடுத்தாள். உள் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு இரு. மணி அடித்தால் போனைக் கேள். போன் அலறினால் யாரோ, திறக்காதே. அலறாவிட்டால் நம் ஆள், திற. மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். குழந்தை கெட்டி, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

முதல் வாரம் உயிரை வாங்கியது அந்தச் சனியன். தண்ணீர் கேன்காரருக்கு அலறல், தபாலுக்கு அலறல். ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவர் ஒரு நோயாளியின் வாய்க்குள் துளைப்பானை வைத்திருந்த நேரம் பார்த்து அலறியது. நோயாளி துள்ளிவிட்டார். மருத்துவர் எல்லார் எதிரிலும் அவளைத் திட்டினார். அவமானத்தில் காது எரிய, மேசைக்கு அடியில் போனைப் பார்த்தாள். மழை. கறுப்புக் குடை. குடைக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு மோவாயும் பாதி வாயும். உயரமான ஆள். வேறு யார், ஈரச் சுவரைப் பார்க்க வீட்டுக்காரர் வந்திருக்கிறார். 'நம் ஆள்' என்று அழுத்தி, பெயரையும் போட்டாள். நாலு விநாடி வேலை. அதற்கப்புறம் போன் அலறவே இல்லை. அப்பாடா என்றிருந்தது.

இப்போது வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். அவள் பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

மகள் போனாள், 8:20. மகள் வந்தாள், 4:00. வீட்டுக்காரர் வந்தார், 4:12.

நேற்றும் 4:12. முந்தாநாளும். பள்ளி இருந்த ஒவ்வொரு நாளும். பதினேழு தடவை. படத்தில் மழை பெய்யாத நாளிலும் அதே விரித்த குடை, சொட்டுகிற நீர், அதே பாதி வாய். அவர் எப்போது போனார் என்று தேடினாள். மகள் போனாள் என்று இருந்தது. தான் போனதும் இருந்தது.

வீட்டுக்காரர் போனார் என்று ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் கொஞ்ச நாளாக அடிக்கிற வாடை அப்போது அவளுக்கு மூக்கில் ஏறியது, இங்கே, மருந்து நெடிக்கு நடுவில்: நனைந்த துணியை மடித்து மூடி வைத்த வாடை, ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று கூடிக்கொண்டே வந்த வாடை. சுவர் ஈரம் என்றுதான் நினைத்திருந்தாள். அறைக் கதவுகளை முழுக்கத் திறந்தால் சுவரில் போய் இடிக்காமல், ஏதோ மெத்தென்று தடுப்பதையும் அவள் கவனித்திருந்தாள். கீல் பழசு என்று விட்டுவிட்டாள்.

மகளை அழைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"குட்டி, வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?"

"வீட்டுக்கார அங்கிள்மா."

"எங்க இருக்காரு?"

"ஹால்ல." குழந்தை எட்டிப் பார்க்க நடப்பது கேட்டது. "கிச்சன்ல. பாத்ரூம்ல. உன் ரூம்ல."

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நான் வீட்டில் இருக்கும்போது எங்கே போவார் என்று எப்படியோ கேட்டாள்.

"கதவுக்குப் பின்னாடி நின்னுக்குவாரு. எல்லாக் கதவுக்கும் பின்னாடி." கொஞ்சம் யோசித்து, "இப்ப இடம் பத்தலைம்மா," என்றாள் மகள்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினாள். மகளுக்கு அழுகை வந்துவிட்டது. நம் ஆள் என்று போட்டது நீதானே என்றாள். உடனே வெளியே ஓடி வா என்றாள் அவள். மறுமுனையில் யாரோ மெல்லப் பேசுவதை மகள் கேட்டுக்கொள்வது போலிருந்தது.

"மழையாம்மா. அங்கிள் வேணாங்கிறாரு."

தொடர்பு அறுந்தது.

பத்து நிமிட நடை. அவள் ஓடினாள். நாலரைக்கே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கணவர் எடுக்கவில்லை. அவசர எண்ணில் ஒருத்தி முகவரி கேட்டாள், வண்டி அனுப்புவதாகச் சொன்னாள். செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஓடினாள். அந்த நாலு விநாடிதான் திரும்பத் திரும்ப வந்தது. மேசைக்கு அடியில் நாலு விநாடி. படத்தைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

படி ஏறினாள். கதவு மூடியிருந்தது. சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. உள் தாழ்ப்பாள்.

மணியை அழுத்தினாள்.

போன் அலறியது.

மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அவள் கையில் ஒன்று, கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்று. 'புதியவர் வாசலில்.' படத்தில் நனைந்த முடி, திறந்த வாய். அவள் முகம். பட்டியலைத் திறந்தாள். நம் ஆட்கள்: மகள். கணவர். வீட்டுக்காரர். அவள் பெயர் இல்லை. உள்ளே இருக்கிற போனிலிருந்து யாரோ அதை நீக்கியிருந்தார்கள்.

"குட்டி! அம்மாடா! கதவைத் திற!"

அலறல் நின்றது. உள்ளே காலடி வந்தது. சின்னக் காலடி. கதவை ஒட்டி மகளின் குரல், பாடம் ஒப்பிக்கிற குரல்:

"போன் சத்தம் போடுது. சத்தம் போட்டா திறக்கக் கூடாது. எங்க அம்மா சொல்லியிருக்காங்க."

அவள் கதவில் மோதினாள். கத்தினாள். தரையில் விழுந்தாள். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தாள்.

உள்ளே விளக்கு எரிந்தது. ஈரத் தரை. மகளின் வெறும் பாதங்கள், சுண்டுவிரலில் நேற்று அவளே போட்டுவிட்ட பிளாஸ்திரி.

அதற்குப் பின்னால் கறுப்புக் காலணிகள். ஒரு ஜோடி. அதன் பக்கத்தில் ஒன்று. அதற்கும் பின்னால். சுவர்வரைக்கும். எல்லாமே சொட்டச் சொட்ட நனைந்து, எல்லா முனையும் கதவைப் பார்த்து.

மகளின் பாதங்கள் பின்னால் ஓர் அடி வைத்தன. இன்னும் ஓர் அடி. காலணிகள் மெல்ல நகர்ந்து வழி விட்டன. நடுவில் இரண்டு சின்னப் பாதங்கள் அளவுக்கு இடம் இருந்தது. மகள் அங்கே போய் நின்றாள். காலணிகள் நெருங்கி வந்து அந்த இடைவெளியை மூடிக்கொண்டன.