ஷிஃபாவின் கோபம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருந்தது தவசிமுத்துவின் துப்பறியும் அலுவலகம். வந்த இளைஞன் உட்காரவில்லை. கைபேசியை மேசைமேல் வைத்தான். பெயர் முகமது ரியாஸ். மாமன் மகள் ஷிஃபாவோடு வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

'ஏலே ரியாஸ், உன்னையக் கண்டாலே எரியுது. கல்யாணத்த நிறுத்திருலே' என்றது ஷிஃபாவின் எண்ணிலிருந்து வந்த செய்தி.

"தான் அனுப்பலைன்னு அவ சொல்றா. நான் நம்பல சார். ராஜபாளையத்துல அவ தையல்கடையில நஸ்ருதீன்னு கட்டிங் மாஸ்டர் இருக்கான். எந்நேரமும் அவங்கூட சிரிப்புதான்."

"அம்புட்டுதான், கேஸ் முடிஞ்சிருச்சு!" என்றாள் உதவியாளர் மாரிக்கனி.

"செத்த பொறு" என்றார் தவசிமுத்து. "தம்பி, அந்தப் பொண்ணுக்கு நெசமாவே கோவம் வந்தா எப்படிப் பேசும்?"

"மரியாதை கூடிரும் சார். 'வாங்க, சொல்லுங்க'ன்னு. குலை நடுங்கும்."

"'ஏலே' எப்ப வரும்?"

"சந்தோசமா இருந்தா..." ரியாஸ் பாதியில் நிறுத்தினான்.

"அவ கேலியைச் சண்டைன்னு நெனைச்ச யாரோ எழுதினது இது. பொறாமை உம்ம காதையும் அடைச்சிருச்சு."

மூவரும் ராஜபாளையம் போனார்கள். ஷிஃபாவின் கைபேசி, பூட்டில்லாமல், கடை மேசையில்தான் சார்ஜில் கிடக்கும். அதைத் தொடக்கூடியவர்கள் நஸ்ருதீனும், ஷிஃபாவின் கடைக் கூட்டாளி ஃபாயிஸாவும். தவசிமுத்து ஒவ்வொருவராக வாசலுக்கு அழைத்து, முன்பொருமுறை ஷிஃபா ரியாஸுக்கு அனுப்பிய குரல்பதிவைப் போட்டார்.

"ஏலே எருமை, உன்னையக் கட்டிக்கிட்டு எம்புட்டுப் பாடுபடப் போறேனோ!"

"கொஞ்சுது சார்" என்று சிரித்தான் நஸ்ருதீன்.

ஃபாயிஸா சிரிக்கவில்லை. "எம்புட்டு வெறுப்பு பாருங்க. தெனமும் இப்படித்தான் திட்டுவா."

எல்லோரையும் உள்ளே கூட்டி வைத்து, காரணத்தை விளக்கினார் தவசிமுத்து. "இந்தக் குரல்ல இருக்குற சிரிப்பு உங்க காதுல மட்டும் விழலம்மா. அதான் செய்தியிலயும் 'ஏலே'ன்னு எழுதிட்டீங்க."

ஃபாயிஸா தலைகுனிந்தாள். "கடையை நாங்க ரெண்டு பேருந்தான் போட்டோம். நிச்சயம் ஆனதுல இருந்து அவளுக்கு அவன் பேச்சுதான். அவ அவனைத் திட்டுறதா நெனைக்கறப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு சார்."

ஷிஃபா ரியாஸைப் பார்த்தாள். "இவளுக்கு உன்மேல பொறாமை. உனக்கு மாஸ்டர் மேல. வெள்ளிக்கிழமை எப்படிலே நான் சம்மதம் சொல்ல?"

ரியாஸ் வெட்டு மேசைக்குப் போனான். "மாஸ்டர், உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

"லேசாவா, மொத்தமாவா?"

"மொத்தமா."

"அப்ப பிரியாணியில நல்லி எலும்பு எனக்குத்தான்" என்றான் நஸ்ருதீன்.

மாரிக்கனி சிரித்துவிட்டாள். ஷிஃபா சிரிக்கவில்லை. ஃபாயிஸா பாதி தைத்திருந்த தன் நிக்காஹ் ரவிக்கையை அவள் மெஷினிலிருந்து உருவி எடுத்து, மீதியைத் தானே தைக்க உட்கார்ந்தாள்.