இரு நாடி, ஒரு திரை

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மணிக்கட்டில் நாடித்துடிப்பைப் படிக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருவேன். பட்டை பச்சையாக ஒளிர்ந்ததும் படம் ஓடத் தொடங்கும். நான்கு வருடங்களாக இதுதான் வழக்கம். பார்ப்பதெல்லாம் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஹாலிவுட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்.

என் பெயர் பியூலா. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிசொல்லும் கோபுரத்தில் வேலை. கணவர் செல்வின் நுரையீரல் நோயில் இறந்த பிறகுதான் அந்தப் படங்களுக்குள் போனேன். புதிய படங்களின் கூச்சல் எனக்கு ஆகவில்லை. இவற்றில் ஒரு பெண்ணின் கன்னத்தில் பக்கவாட்டில் ஒளி விழும். அவள் யோசித்து முடிக்கும்வரை கேமரா பொறுமையாகக் காத்திருக்கும். காதலிப்பவர்கள் சண்டை போடுவதுபோல் வேகவேகமாகப் பேசுவார்கள். செல்வினும் நானும் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

ஒன்று மட்டும் புரிந்ததில்லை. அந்த ஆண்கள் அடிக்கடி இரண்டு விரல்களை உதட்டில் வைத்து எடுத்து, தூரத்தைப் பார்த்து மூச்சு விடுவார்கள். அந்தக் காலத்து மரியாதை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது ஆவுடைச்செல்வியிடம் இதைச் சொன்னேன். கோபுரத்தின் கருவிகளைப் பழுது பார்ப்பவள் அவள். கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது சிகரெட்டு, அக்கா. உங்க படத்துல அதை அழிச்சிருக்கான்."

படங்களை இசைவி என்ற மென்பொருள் ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி மாற்றுகிறது என்பது ஊருக்கே தெரியும். மொழியை மாற்றும், இரைச்சலைக் குறைக்கும் என்ற அளவில்தான் நான் அறிந்திருந்தேன். அன்றுதான் மீதியைச் சொன்னாள். நாடி எங்கே துள்ளுகிறதோ அந்தக் காட்சியை இசைவி வெட்டிவிடும், இல்லாவிட்டால் வேறாக வரைந்துவிடும். ஒரே பெயருள்ள படத்தை ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பார்க்கிறார்கள். யாரும் யாரிடமும் படத்தைப் பற்றிப் பேசுவதில்லையே, ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. பேச என்ன இருக்கிறது? இரண்டு பேர் பார்த்த ஒரு படம் என்று ஒன்று கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று உண்டு. சின்ன ஊரில் தந்தி அலுவலகம் நடத்தும் பெண். அவள் காதலன் அணை கட்டப் போகிறான். வெள்ளம் வருகிறது. கடைசியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவைத் திறந்து உள்ளே வருகிறான். அதை ஏழு தடவை பார்த்திருந்தேன். அந்தக் கதவு உண்மையிலேயே திறந்ததா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

மாற்றாத மூலப்படியைக் கேட்டு திரைநல அலுவலகத்துக்குப் போனேன். ஆலோசகர் ஞானதுரை தன்மையான மனிதர். என் நாடிக் கணக்கைப் பார்த்துவிட்டு, துக்கத்தில் இருப்பவர்களுக்கு மூலப்படி தர விதி இடம் கொடுக்காது என்றார். என் துக்கம் இன்னும் முடியவில்லை என்று பட்டை சொல்கிறதாம்.

"எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா," என்றார்.

"எம் புருசன் கடைசி மூச்சு விடும்போது கையப் பிடிச்சிட்டு இருந்தவ நான். அதை எனக்கு யாரு சார் வெட்டிக் கொடுத்தா? கதையில ஒருத்தன் செத்தா மட்டும் நான் தாங்கமாட்டேனா?"

அவர் மறுபடியும் விதியைச் சொன்னார்.

வழியைச் சொன்னவள் ஆவுடைச்செல்விதான். ஒரு திரைக்கு ஒருவர் என்ற சட்டம் கண்ணைக் காப்பதற்கென்று பள்ளியில் படித்திருக்கிறோம். காரணம் வேறு. ஒரே திரை இரண்டு நாடிகளைப் படித்தால் யாருக்கு இசைவது என்று இசைவிக்குத் தெரியாது. கைவிட்டுவிடும். மூலப்படி தானாக ஓடும்.

இரண்டு பேர் போதும்தான். ஆனால் மறைந்து பார்க்க எனக்கு மனமில்லை. கோபுரத்தில் வேலை செய்பவர்கள், சபையில் தெரிந்தவர்கள், மாடிவீட்டுத் தம்பதி என்று எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சட்டத்தையும் சொல்லித்தான் கூப்பிட்டேன். பதினொரு பேர் வந்தார்கள். ஜன்னல்களைத் திறந்தே வைத்தேன்.

எல்லாப் பட்டைகளும் பச்சையானதும் திரை ஒரு நிமிடம் இருண்டது. பிறகு அதே தந்தி அலுவலகப் பெண்ணின் படம் கீறல்களோடு ஓடியது. ஆண்களின் விரல்களுக்கிடையே சிகரெட் புகைந்தது. மருத்துவமனை வாசம் எனக்குள் எழுந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை.

கதவு திறக்கவில்லை. அவன் இறந்த செய்தி அவள் மேசைக்கே தந்தியாக வருகிறது. கருவி தட்டத் தட்ட அவளே தன் கையால் எழுத்தெழுத்தாக எழுதுகிறாள். கேமரா விலகாமல் நிற்கிறது. அப்போது ஒருவர் உள்ளே வந்து, பேரன் பிறந்திருக்கிறான், வாழ்த்து அனுப்ப வேண்டும் என்கிறார். அவள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுக்கிறாள். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்கிறாள். அதோடு படம் முடிந்தது.

நான் சத்தமாக அழுதேன். என் பக்கத்தில் ஆவுடைச்செல்வி அழுதாள். யாரும் யாரையும் தேற்றவில்லை. பிறகு மாடிவீட்டுக்காரர், அவள் ஏன் அந்த ஆளை வெளியே போகச் சொல்லவில்லை, கல்நெஞ்சக்காரி என்றார். அவர் மனைவி, உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அந்த வேலைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது என்றாள். எனக்கு இரண்டு பேர் சொன்னதிலும் சம்மதமில்லை. பொழுது சாயும்வரை வாதாடினோம். பல வருடங்களாக எங்கள் தெருவில் அப்படி ஒரு வாதம் நடந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஞானதுரை இரண்டு ஊழியர்களோடு வந்தார். அவர்கள் என் திரையைக் கழற்றும்போது அவர் ஒரு படிவத்தை நீட்டினார். பாதிக்கப்பட்டதாக ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குச் சம்மதித்தால் திரை திரும்பக் கிடைக்குமாம். 'ஏற்பட்ட பாதிப்பு' என்ற இடத்தில் 'அழுதேன்' என்று எழுதினேன். 'தேவைப்படும் சிகிச்சை' என்ற இடத்தில் 'இன்னும் பத்துப் படங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் படித்தார். ஊழியர்கள் திரையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்வரை வாசலிலேயே நின்றார். அந்தப் படத்தைத் தானும் பலமுறை பார்த்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். அவர் பார்த்த ஒவ்வொரு முறையும் அந்தக் காதலன் கதவைத் திறந்து வந்துவிட்டானாம். யாரை இழந்தார் என்று நான் கேட்கவில்லை.

"நெசமாவே வரமாட்டானாம்மா?"

"வரமாட்டான் சார். இந்த ஞாயித்துக்கெழம ஆவுடைச்செல்வி வீட்ல பாக்கோம். நீங்களும் வாங்க."

அவர் படிவத்தை நான்காக மடித்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார்.