வெட்டாமல் விட்ட கடுகு

மார்ச் மாதத்தில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த சோனோமாவுக்கு வருகிறவர்கள் திராட்சையைப் பார்க்க வருவதில்லை. அப்போது திராட்சை என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இருக்காது. முறுக்கிக்கொண்டு நிற்கும் கொடிகள், நுனியில் பச்சையாக ஒரு கொப்புளம், அவ்வளவுதான். அவர்கள் வருவது கொடி வரிசைகளுக்கு நடுவே மண்ணுக்கு உரமாக விதைத்துவிட்ட கடுகைப் பார்க்க. அது இடுப்பு உயரத்துக்கு மஞ்சளாகப் பூத்து நிற்கும். நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டால் யாராக இருந்தாலும் கடன் இல்லாத மனிதர் மாதிரி தெரிவார்.

அன்று காலை முதல் வேன் வந்து நின்றபோது ரெமோ கம்பெட்டி வழக்கமான இடத்தில் தயாராக இருந்தான். இறங்குகிறவர்களின் கைப்பேசிகளை வாங்கிப் படம் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை.

கம்பெட்டி தோட்டத்தில் எதையும் வீணாக்குவதில்லை. மின்சாரம் வெயிலிலிருந்து வருகிறது. புல்லை ஆடுகள் மேய்கின்றன. எலிக்கு விஷம் வைக்காமல், கம்பத்தில் மரப்பெட்டி கட்டி ஆந்தையைக் குடிவைத்திருக்கிறார்கள். மழைநீரைத் தேக்க வெட்டிய பள்ளத்துக்குப் பரிசே கிடைத்தது. தவளைகள் போய்வர வேண்டும் என்பதால் அதற்கு வேலி கிடையாது.

மகள் செத்த இடத்தைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. பயணிகளுக்குக் கொடுக்கும் வரைபடத்தில் அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு, 'லிவியாவின் மூலை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கொடி துளிர்க்கும்போது கடுகை வெட்டிவிட வேண்டும். நின்றால் தரை குளிர்ந்து, பனி விழும் காலையில் துளிர் கருகிவிடும். இந்த மூலையில் மட்டும் படத்துக்காகக் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாம் என்றது ரெமோவின் அக்கா லிவியாதான். போன வருடம் இதே மூலையில் ஒரு கல்யாணக் கூட்டத்தைப் படம் எடுத்தாள். கூட்டம் பெரிது. எல்லாரும் அடங்க வேண்டும், அவர்களுக்குப் பின்னால் இருக்கும் ஆந்தைப் பெட்டியும் வர வேண்டும். பின்னால் போனாள். இன்னும் போனாள். கடுகு மறைத்திருந்த பள்ளத்தில் சிமென்ட் குழாய் ஒன்று இருந்தது.

கடைசிப் படம் மிக நன்றாக வந்திருந்தது. ஆந்தைப் பெட்டியும் முழுதாக அதில் வந்திருந்தது.

அதற்குப் பிறகு பள்ளத்தின் ஓரத்தில் பழைய மரத்தில் 'கவனம்' என்று எழுதி நட்டார்கள். பலகை முழங்கால் உயரம், கடுகு இடுப்பு உயரம். இந்த வருடம் கடுகை விட்டுவைத்தது அம்மா லொரெட்டா. "அவ யோசனைடா. இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

அடக்கத்தன்றுகூட ரெமோவுக்கு அழுகை வரவில்லை. கிளை நறுக்கும்போது கத்தரி விரலில் இறங்கியது. வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேனிலிருந்து இறங்கிய தம்பதி கடுகுக்கு நடுவே போய் நின்றார்கள். ரெமோ கைப்பேசியை உயர்த்தினான்.

"இங்க பாருங்க. கேமராவை."

"பார்த்துக்கிட்டுதானே இருக்கோம்," என்றார் கணவர்.

அவர்கள் கண் அவன் தோளைத் தாண்டி எங்கோ போயிருந்தது. ஒரு வாரமாகவே இப்படித்தான். வீட்டில் உட்கார்ந்து, பயணிகள் இணையத்தில் போட்ட படங்களைத் தள்ளிப் பார்த்தால், சிரிக்கிற அத்தனை பேரும் அவனுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பார்க்கறீங்க?"

"அந்தப் பொண்ணைத்தான்," என்றாள் மனைவி. "பச்சை பூட்ஸ். உங்ககூட வேலை பார்க்கறவங்கதானே? உங்களை ஒரு அடி பின்னால வரச் சொல்றாங்க. ஆந்தைப் பெட்டி ஃபிரேமுக்குள்ள வரலையாம்."

ரெமோ திரும்பினான்.

மஞ்சள். காற்று இல்லை. அதில் ஒரே ஒரு தண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. பசிக்க வேண்டிய நேரத்தில் பசிக்க வேண்டும் என்று தோன்றுவதுபோல. ஒரு அடி பின்னால் வைத்துப் படம் எடுத்தான். நன்றாகவே வந்தது.

அதற்கப்புறம் வந்தவர்களிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள். கொஞ்சம் பின்னால. இன்னும் கொஞ்சம். அவனும் போனான்.

தோட்டத்து மேஸ்திரி எஃப்ரைன் வரிசை முனையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, போன வாரம் அந்தக் கொடிகிட்ட நின்ன. இப்ப இங்க நிக்கற. இப்படியே போனா பசிபிக் சமுத்திரத்துல நின்னுதான் படம் எடுப்பியா?"

"படம் நல்லா வருது."

"உங்க அக்காவும் அதைத்தான் சொன்னா." கையுறையைக் கழற்றி மடித்துக்கொண்டார். "உங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன். துளிர் வந்தாச்சு, வெட்டிடலாம்னு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்கிறாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்கள் கூட்டம் வந்தது. கல்யாணப் பெண்ணும் அவள் தோழிகளும். எல்லார் மார்பிலும் குறுக்கே பளபளக்கும் துணிப்பட்டை. ருசி பார்க்கக் கொடுத்த ஒயினை ருசியோடு நிறுத்தாதவர்கள்.

"அண்ணே, என்னை ஒல்லியா காட்டினா அஞ்சு நட்சத்திரம் போடுவேன்!"

"கேமராவால அது முடியாதுடி, அவர் என்ன சாமியாரா?"

சிரிப்பு. ரெமோ கைப்பேசியை உயர்த்தினான். அத்தனை பேரும் அடங்கவில்லை.

"பின்னால போங்கண்ணே," என்றாள் கல்யாணப் பெண். "அவங்களும் அதைத்தான் சொல்றாங்க."

போனான்.

மிதிபட்ட கடுகின் காரம் மூக்கில் ஏறியது. அதற்கடியில் இன்னொரு வாசனை. உரித்த ஆரஞ்சுத் தோல். லிவியாவின் கோட்டுப் பையில் எப்போதும் ஆரஞ்சுத் தோல் கிடக்கும்.

"இன்னும்."

போனான்.

"இன்னும் ஒரே ஒரு அடி."

குதிகாலுக்குக் கீழே தரை இல்லை.

எதிரில் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் வரிசையாக, அசையாமல், அவன் தலைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் மிக மெதுவாகச் சொன்னாள்:

"கையை நீட்டறாங்க. உங்களைப் பிடிச்சுக்கிறாங்களாம்."

சரி என்று நினைத்தான் ரெமோ. அவ்வளவுதான் நினைத்தான்.

இடுப்புப் பட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். கண்ணாடிக் கோப்பைகள் கீழே விழுந்து நொறுங்கின. முகம் குப்புற மண்ணில் விழுந்து திரும்பிப் பார்த்தால், அம்மா. தட்டோடு ஓடி வந்திருந்தாள்.

"என்னடா பண்ற? என்னடா பண்ற நீ?"

"அவங்க முகம் வாடிப்போச்சு," என்றாள் கல்யாணப் பெண், யாரிடமென்று இல்லாமல்.

"யாரு?"

"இவர் பின்னாடி நின்னவங்க. முடி நுனியைக் கடிச்சுக்கிட்டே நின்னாங்களே."

முடி நுனியைக் கடிப்பது லிவியாவின் பழக்கம். லொரெட்டா குரலைத் தாழ்த்தி, கடைக்காரரிடம் விலை கேட்பதுபோல் கேட்டாள்: "எங்க நின்னா?"

அவர்கள் காட்டினார்கள். அவள் அங்கே போய் நின்று பார்த்தாள். கடுகைக் கையால் விலக்கிப் பார்த்தாள். பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்து அவர்களை வேனில் ஏற்றி அனுப்பினாள்.

மத்தியானம் அவளே டிராக்டரை எடுத்தாள். எஃப்ரைன் குறுக்கே வந்து, "நான் ஓட்டறேன் அம்மா," என்றார். கேட்காதவள்போல் ஓட்டினாள். வரிசை வரிசையாக மஞ்சள் சாய்ந்தது. முடிந்தபோது அந்த மூலை மழித்த தலை மாதிரி இருந்தது. பள்ளம் வாயைத் திறந்துகொண்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதன் ஓரத்தில் 'கவனம்' பலகையும் முதல் தடவையாக முழுதாகத் தெரிந்தது.

"இனிமே ஒண்ணும் ஆகாது," என்று எஃப்ரைன் வீட்டுக்குக் கிளம்பினார்.

வெயில் சாய ஆரம்பித்தது. படக்காரர்கள் உயிரை விடும் அந்தத் தங்க வெளிச்சம். ரெமோ பள்ளத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். அம்மா டிராக்டரிலிருந்து இறங்கி, கை துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, பயணிகள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள்.

"ஒரு படம் எடுடா."

"உன்னையா?"

"என்னைத்தான். இத்தனை பேரை எடுத்தியே."

அவள் ஏன் அங்கே நிற்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்று கைப்பேசியை உயர்த்தினான்.

அம்மா கேமராவைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்தாள்.

பிறகு அவள் கண் மெல்ல நகர்ந்தது. அவன் தோளைத் தாண்டி, பின்னால்.

ரெமோ ஒரு பக்கமாக விலகினான். அந்தக் கண்ணும் அவனோடு விலகி, மறுபடி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

ஒரு வருடமாகச் சிரிக்காத அம்மா சிரித்தாள்.

அவன் பிடரியில் குளிர்ந்த மூச்சு ஒன்று பட்டது. ஆரஞ்சுத் தோல் வாசம். ஒரு வருடத்தில் அவன் உடம்பு உணர்ந்த முதல் விஷயம் அதுதான். கண் கலங்கியது.

"கண்ணா," என்றாள் அம்மா. "கொஞ்சம் பின்னால போ."

"அம்மா. கடுகு எல்லாம் வெட்டியாச்சு. பள்ளம் தெரியுது."

"தெரியுதுடா." அவள் கண் அவனிடம் வரவில்லை. குரல், குழந்தையைத் தூங்கவைக்கும்போது வரும் குரல். "ஒரே ஒரு அடி. அவ கேக்கறா."

ரெமோ திரையைப் பார்த்தான். கண்ணீருக்கு நடுவே அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கம்பம், கம்பத்தின் மேல் ஆந்தைப் பெட்டி.

பெட்டியின் கூரை மட்டும் படத்துக்கு வெளியே இருந்தது. ஒரு அடி பின்னால் போனால் வந்துவிடும்.