ஆண்டாயிக்கு ஏன் காய்ச்சல் வரவில்லை?

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபடி கம்பவுண்டர் பாலனிடம் தங்கையா இதைத்தான் கேட்டார்.

"எம் பொஞ்சாதிக்கு ஏன் ஐயா இன்னும் காய்ச்சல் வரல?"

எழுபத்து நான்காம் வருஷம், மாசி மாதம். கட்டபெட்டுக்கு அருகே ஒரு தேயிலை எஸ்டேட். இலங்கையில் மாத்தளைச் சூட்டில் வளர்ந்து, மூன்று மாதத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள் மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்தன. அங்கே ஆறு பேர் காய்ச்சலில் விழுந்து, மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசிந்தது. ஆறு பேரையும் துடைத்துவிட்டுக் கஞ்சி ஊட்டியவள் தங்கையாவின் மனைவி ஆண்டாயி. அவளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆகவே காய்ச்சலைக் கப்பலில் கொண்டுவந்தவளே அவள்தான் என்று உள்ளூர்க்காரர்கள் இருந்த கீழ் லயம் முடிவுகட்டியிருந்தது. அவள் மகள் சின்னம்மையைத் தன் மகனுக்குப் பெண் கேட்டுப் போன கீழ் லயத்து மாட்டுக்கார மூக்கனும் படுத்துவிட்டான். இரண்டு லயத்துக்கும் நடுவே கயிறு கட்டியாயிற்று. சனிக்கிழமை மேல் லயத்தைக் காலி செய்து, எல்லாரையும் மறுபடி அகதி முகாமுக்கே அனுப்புவதாக எஸ்டேட்டை நடத்தும் துரை சொல்லிவிட்டார். கல்யாணமோ அடுத்த வாரம்.

அன்று மதியம் கோயமுத்தூரிலிருந்து சுகாதாரத் துறை ஆறுச்சாமி வந்தார். ரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது, காய்ச்சலின் பெயரை அவர்கள் சொல்லட்டும், அது வந்த வழியை நாம் தேடலாம் என்றார். பாலன் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு அவரோடு கயிற்றைத் தாண்டினான்.

லயத்து அறைகளில் தரை முழுக்க உலர்ந்த சருகு, அதன்மேல் பாய். குளிர் தாங்காமல் மேல்சோலைக் காட்டிலிருந்து வாரி வந்து பரப்பியது என்றார் தங்கையா. துரை மனம் மாறினால், கல்யாண விருந்தாளிகள் படுக்க இந்த ஞாயிறு இன்னும் பத்து மூட்டை வாரப்போவதாகவும் சொன்னார். காய்ச்சல்காரத் தாய்மார் இருவரின் கைக்குழந்தைகள் தூளியில் கொழுகொழுவென்று உறங்கின. ஆண்டாயியின் தலையணை மட்டும் கப்பலில் வந்த இரண்டு மரப்பெட்டிகளின் மேல் கிடந்தது. அவளுக்கு முதுகுவலியாம், சருகு ஒத்துக்கொள்ளாதாம்.

மருந்தகத்துக்குத் திரும்பியதும், பாலன் தன் தோட்டத்துப் பச்சைப்பட்டாணியை ஒரு தட்டில் நீட்டினான்.

"தின்னுங்க சார். வருஷா வருஷம் குரங்குக்குத்தான் போகும். இந்த மாசம் ஒண்ணுகூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலைங்க."

ஆறுச்சாமி ஒரு பட்டாணியை விரலில் உருட்டினார். பிறகு தங்கையாவிடம் ஒன்றே ஒன்று கேட்டனுப்பினார். மேல்சோலையில் இரண்டு குரங்கு செத்து நாறிக்கிடந்ததாகப் பதில் வந்தது.

சாயங்காலம், காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களத்தில் துரையும் இரு லயத்தாரும் கயிற்றுக்கு இரு பக்கமும் கூடினார்கள். ஆறுச்சாமி ஒரு மேசையில் ஆறு பட்டாணியை வரிசையாக வைத்தார்.

"புதன்ல இருந்து சனிக்குள்ள மேல் லயத்துல ஆறு பேரு. ஆளுக்கு ஆள் ஒட்டுறதா இருந்தா, இத்தனை நெரிசல்ல அடுத்த வாரம் பன்னெண்டு வந்திருக்கோணும். பத்து நாளாச்சு, ஒண்ணுமில்லீங்க." அடுத்த வரிசையை வெறுமனே விரலால் காட்டினார்.

மாப்பிள்ளை வேலாமணி குரலை உயர்த்தினான். "அப்ப எங்கய்யனுக்கு எப்படி வந்துதுங்க?"

"உங்கய்யன் பொண்ணு கேக்கப் போனது திங்கக்கிழமை. முதல் காய்ச்சலே புதன்தான். அன்னைக்கு ஒட்டிக்கிறதுக்கு அங்க நோயாளியே இல்லீங்களே? வரும்போது கையில என்ன கொண்டுவந்தாரு?"

வேலாமணி தலையைச் சொறிந்தான். மாட்டுக்குப் பரப்ப ஒரு மூட்டைச் சருகு.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆறுச்சாமி சருகில் ஒட்டியிருந்த, கடுகைவிடச் சிறிய உண்ணி ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் காட்டினார். செத்த குரங்கிலிருந்து உண்ணி, உண்ணியோடு சருகு, சருகில் படுத்தவர்களுக்குக் காய்ச்சல். ஞாயிறு வாரினார்கள், மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் விழுந்தார்கள். அடுப்புச் சூட்டில் உண்ணி காய்ந்து சாகவே காய்ச்சலும் நின்றது. கன்னட நாட்டுக் காட்டோரம் உயிர்களைக் குடித்த குரங்குக் காய்ச்சலின் நடை இதுவே என்றார்.

"தூளியில தொங்குன குழந்தைக்கு வரல. பெட்டி மேல படுத்த அம்மாவுக்கும் வரல. தங்கையா, உங்க கேள்விதானுங்க பாதி வேலையை முடிச்சுது."

ஆண்டாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப என் முதுகுவலிக்கும் கல்யாணத்துல ஒரு வெத்தல வைக்கணும் ஐயா."

துரை தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார். பந்தலுக்கு ஆகும் என்று வேலாமணி அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பாலன் மூக்குத்துணியைக் கழற்றிவிட்டு, ஆறுச்சாமி சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் எழுதி ஃபேக்டரிக் கதவில் ஒட்டினான்:

மேல்சோலைக்குள் யாரும் போக வேண்டாம். வீட்டிலும் மாட்டுப்பட்டியிலும் உள்ள சருகை இன்றே தள்ளிப் போட்டு எரிக்கவும். விருந்தாளிகள் படுக்க மேட்டுப்பாளையத்திலிருந்து வைக்கோல் வரும். குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் மருந்தகத்தில் சொல்லவும். நோயாளிகளை யாரும் போய்ப் பார்க்கலாம்.