தண்ணீரில் பெரட்டு

எட்டோடு நிற்க வேண்டிய எண்ணிக்கை. ரப்பர் தோட்டத்து மேட்டடியில், தண்ணீர் ஓரத்தில் வரிசையாக நின்ற எட்டுப் பேரும், ஜப்பான்காரன் அடித்துப் பழக்கியபடி, ஆளுக்கொரு எண்ணாகச் சொல்லி முடித்தார்கள். எதிரே ஒரு மைலுக்குத் தண்ணீர். சிகாமட் ஆறு பொங்கிப் பள்ளத்துப் பால்மரக் காட்டை முழுசாக விழுங்கிவிட்டு, பிறந்ததிலிருந்தே ஏரியாக இருந்ததுபோல் அசையாமல் கிடந்தது. அதன் மேலிருந்து எதிரொலி திரும்பி வந்தது. இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு, சிச்சி, ஹாச்சி. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. "கு."

கு என்றால் ஒன்பது. ஒன்பதை இங்கே யாரும் சொல்லவில்லை.

"எவன்டா அது ஒன்பது சொன்னது?" என்றான் தோட்டத்துக் கணக்கு எழுதும் தோமஸ் கிராணி.

"நாங்க எட்டுப் பேருதானே கிராணியாரே," என்றான் முதலில் நின்ற சபாபதி. "ஒன்பது நீங்கதான்."

தோமஸுக்கு அது பிடிக்கவில்லை. காதைக் குடைந்துகொண்டு, ஏறுங்கள் என்று சம்பான் படகைக் காட்டினான்.

நாற்பத்து மூன்றாம் வருஷத்து டிசம்பர் மாதம். ஜூனில் சயாம் ரயில் வேலைக்குப் போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. இப்போது இன்னும் எட்டுத் தலை வேண்டுமாம். தோக்கியோ மணி ஆறுக்குள், அதாவது நம்ம மணிக்கு நாலரைக்குள், லாபிஸ் பக்கத்து ரயில் கரையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒரு தலை குறைந்தால் கிராணியே வண்டியில் ஏற வேண்டும். எட்டுப் பேரை எழுதியது தோமஸின் கைதான். பிள்ளை குட்டி இல்லாதவர்களாகப் பார்த்து எழுதினான். ஐயாசாமியையும் அவன் பெண்சாதி வெள்ளையம்மாவையும் சேர்த்து எழுதினான். பிரிக்கவில்லையே என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

அவனுக்கு வேறு வழி என்ன இருந்தது? மேட்டு வீட்டில் அவன் பெண்சாதி டொரத்திக்கு ஒன்பதாம் மாதம். புறப்படும்போது அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னாள்.

"தாழ்ப்பாள் போட்டுக்குவேன். உங்க குரல் கேட்டாத்தான் திறப்பேன். வேற எவன் தட்டினாலும் திறக்க மாட்டேன்."

"என் குரல்ல வேற யாராச்சும் கூப்பிட்டா?"

"அந்த வித்தை உங்களுக்கு மட்டும்தான் வரும்," என்று சிரித்தாள்.

உண்மைதான். விடியற்காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு ஆளெடுக்கும்போது, காய்ச்சலில் கிடப்பவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றி "இருக்கேங்க" என்று சொல்வது அந்தத் தோட்டத்தில் வழக்கம். சொல்லாதவனைத்தான் ஏசுவார்கள். தோமஸ் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரே காலையில் நாலு பேருக்குக் குரல் கொடுத்திருக்கிறான். வெள்ளைக்காரத் துரை ஒரு நாளும் கண்டுபிடித்ததில்லை.

சம்பான்கார மலாய்ப் பெரியவர் பாக்சிக் வானத்தைப் பார்த்தார். "இன்னிக்கு தா போலே, முடியாது, கிராணி," என்று சொல்லிவிட்டுத் துடுப்பைக் கீழே போட்டு நடந்துவிட்டார். தோமஸ் அதை எடுத்துச் சபாபதியிடம் கொடுத்தான். முன்னால் ஐயாசாமி மூங்கில் கழியோடு நின்றான்.

பாதி தூரம் வரைக்கும் காற்றே இல்லை. அழுகிய ரப்பர் இலையின் புளித்த வாடை மூக்கை அடைத்தது. முங்கிய மரங்களின் உச்சிக் கிளைகள் மட்டும் இருபுறமும் தலைநீட்டிக்கொண்டிருந்தன. படகுக்கு அடியில், ஆழத்தில், மரங்களில் பால் பிடிக்கக் கட்டியிருந்த மங்குகள் ஒன்றோடொன்று மோதி டிங், டிங் என்றன. மேலே அலையே இல்லாதபோது கீழே எது அவற்றை ஆட்டுகிறது என்று தோமஸ் யோசித்தான், பிறகு யோசிக்காமலிருக்கப் பார்த்தான். மற்றவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 

பிறகு லாபிஸ் பக்கமிருந்து வானம் கறுத்தது. ஒரு வெற்றிலை மடிக்கும் நேரத்துக்குள் பகல் போய்விட்டது. காற்று தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு வந்தது, மழை பக்கவாட்டில் அடித்தது, ஆளுயர அலை படகின் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஐயாசாமியின் கழி ஏதோ ஒரு கிளையில் சிக்கியது. அவன் அதை விடவில்லை. படகு முன்னே போனது, அவன் கழியோடு பின்தங்கினான். ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் மூடிக்கொண்டது.

"அவரு விழுந்துட்டாரு," என்றாள் வெள்ளையம்மா. "திருப்புங்க. கிராணியாரே, படகைத் திருப்புங்க."

அந்த நேரம் பார்த்துத்தானா எதிர்க்கரையில் விளக்கு ஆட வேண்டும்? ரயில் கரைமேல் காவல் சிப்பாய் தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்தினான்.

"பாங்கோ!"

எண்ணச் சொல்கிறான். நடுங்கிய குரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. இச்சி. நி. சான். ஷி. கோ. ரொக்கு.

ஏழாவது இடம் காலியாக இருந்தது. தோமஸுக்கு டொரத்தியின் வயிறு கண்முன்னால் வந்தது. அவன் வாய் தானாகத் திறந்தது. புகையிலை போட்டுக் கரகரத்த ஐயாசாமியின் குரலில், அச்சு அசலாக, "சிச்சி" என்றான்.

வெள்ளையம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். மழையிலும் அந்தப் பார்வை தெரிந்தது.

"அவருக்காக நீங்க சொல்லிட்டீங்க," என்றாள் மெல்ல. "இனி அவரு வரத் தேவையில்ல, அப்படித்தானே?"

"வெள்ளையம்மா, கரையில போய்ப் பேசிக்கலாம். இப்ப எண்ணைச் சொல்லு."

அவள் எட்டைச் சொன்னாள். தோமஸ் வெட்கத்தில் தலை குனிந்தான். ஆனாலும் படகைத் திருப்பச் சொல்லவில்லை.

கரைக்கு இன்னும் இருநூறு கெஜம். சிப்பாய்க்குச் சந்தேகம் போலிருக்கிறது. மறுபடியும் தகரக் குழாய் அலறியது. "பாங்கோ!"

இச்சி. நி. சான். ஷி. கோ. ரொக்கு.

தோமஸ் மூச்சை இழுத்தான். அவன் சொல்வதற்குள் வந்துவிட்டது.

"சிச்சி."

கரகரத்த குரல். படகுக்குள்ளிருந்து இல்லை. பலகைக்கு அடியிலிருந்து.

அடியில் மங்குகளின் சத்தம் நின்றுவிட்டது. 

"என்னங்க?" என்றாள் வெள்ளையம்மா. படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். "இங்கதான் இருக்காரு. குளிருதுங்கறாரு."

"குனியாத! பிடிங்கடா அவளை!"

நாலு பேர் ஒரே பக்கம் பாய்ந்தார்கள். அவ்வளவுதான். அலை மறுபக்கத்தைத் தூக்கிவிட்டது. பலகை முறிந்தது. சபாபதியின் கை தோமஸின் சட்டையைப் பிடித்தது, பிறகு விட்டது. தண்ணீர். கறுப்புத் தண்ணீர். இலை, சேறு, யாருடைய தலைமுடியோ வாய்க்குள். தொப்பி எங்கேயோ போயிற்று.

தந்திக் கம்பம் ஒன்று நெஞ்சில் முட்டியது. கட்டிப்பிடித்து மேலே ஏறினான். அங்கிருந்து பார்த்தான். படகு இல்லை. தலைகள் இல்லை. மழை மட்டும் பெய்தது.

டொரத்தியை நினைத்து அழுதான். இனி வண்டியில் ஏற வேண்டியது அவன்தான். அதற்கும்கூட முதலில் உயிரோடு கரை சேர வேண்டுமே.

"பாங்கோ!"

கரை ஐம்பது கெஜத்தில்தான் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் விளிம்பு அசைந்தது. ஒரு தலை எழுந்தது. பின்னால் இன்னொன்று. அவசரமே இல்லாமல், பெரட்டுக்கு வருவதுபோல் ஏறி வந்து வரிசையில் நின்றார்கள். சிப்பாய் விளக்கை முகம் முகமாகக் காட்டிக்கொண்டு போனான். அவனுக்குத் தலைதான் கணக்கு, முகம் இல்லை. ஒவ்வொருவரும் எண்ணைச் சொன்னார்கள். சொல்லும்போது ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கை தண்ணீர் வழிந்தது. ஏழாவதாக ஐயாசாமி. எட்டாவதாக வெள்ளையம்மா. எட்டும் சரியாக இருந்தது.

"கிராணி?" என்றான் சிப்பாய்.

தோமஸ் கத்தினான். இங்கே இருக்கிறேன் என்று கத்தினான். வாய் திறந்தது. தண்ணீர்தான் வந்தது. குரல் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றான். ஒன்றுமில்லை.

வரிசையின் கடைசியில் ஒன்பதாவதாக ஓர் உருவம் நின்றது. தலையில் அவனுடைய தொப்பி.

"கு," என்றது. தோமஸின் குரலில்.

சிப்பாய் தலையாட்டினான். எட்டுப் பேரைச் சரக்கு வண்டிக்குள் ஏற்றிக் கதவை இழுத்து மூடினான். ஒன்பதாவதைப் பார்த்து, நீ வீட்டுக்குப் போகலாம் என்று கையை வீசினான்.

அது திரும்பியது. கரையிலிருந்து இறங்கியது. இரண்டாள் ஆழத் தண்ணீரில், கணுக்கால் மட்டும் நனைய நடந்தது. கம்பத்தின் அடியில் அவனைத் தாண்டியபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. தோட்டத்து மேட்டைப் பார்த்தே போனது.

தோமஸ் கம்பத்தை ஓங்கி ஓங்கித் தட்டினான். மழை அதை விழுங்கிவிட்டது.

வெகுநேரம் கழித்து மழை விட்டது. காற்று அடங்கியது. தண்ணீர் மறுபடியும் அசையாமல் கிடந்தது. மேட்டிலிருந்து, ஒரு மைல் தாண்டி, அவனுடைய குரல் தெளிவாக வந்தது.

"டொரத்தி. நான்தான். கதவைத் திற."

இருட்டில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அது மெல்ல மெல்லக் கதவளவுக்கு அகலமானது. வயிற்றில் கைவைத்து ஒரு பெண் நின்றாள். தொப்பி அணிந்த உருவம் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.